கை கழுவத் தண்ணீர்

அந்த வருஷம் சண்டிலிப்பாயில் நாலு ஆண்கள் கூடினால் கதை பெற்றோலைப் பற்றித்தான். மழை பிழைத்தது, புகையிலையில் பூச்சி விழுந்தது, சப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டது எல்லாம் அதற்குப் பிறகு. விலை ஏறிக்கொண்டே போனது. ஏறின விலையைக் கொடுத்தாலும் கூப்பன் இல்லாமல் ஒரு சொட்டுக் கிடையாது. கூப்பனிலும் பட்டாளத்துக்கும் துரைமாருக்கும் போக மிஞ்சினதுதான் லொறிக்காரருக்கு. கோதாரி விழுந்த சண்டை எங்கேயோ நடக்க, எங்கள் அடுப்பில் பூனை படுத்தது.

நான் பூரணம். என் கணவர் லொறி டிறைவர். கட்டினவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஊரார் சீவரத்தினம் என்பார்கள். அருளம்பலம் முதலாளியின் பெரிய லொறி இவர் கையில்தான் இருந்தது. எங்கள் ஊர்த் தோட்டக்காரரின் புகையிலையைச் சிப்பம் சிப்பமாய்க் கட்டி ஏற்றி, ஆனையிறவு தாண்டி, காட்டு றோட்டால் அனுராதபுரம், குருநாகல் என்று கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவார்.

பெற்றோலை மிச்சம் பிடிக்க டிறைவர்மார் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். மலைநாட்டில் ஓடுகிறவர்கள் இறக்கத்தில் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு உருட்டிக்கொண்டு போவார்களாம். யாழ்ப்பாணத்தில் இறக்கத்துக்கு எங்கே போவது? தோசைக்கல்லைப் போலத் தட்டையான நிலம். இவர் சிப்பங்களைப் பதித்து அடுக்கிப் மேலே படங்குச் சீலையால் மூடி இறுக்கிக் கட்டுவார். காற்றுப் பிடித்தால் லொறி அதிகம் பெற்றோல் குடிக்குமாம். வெயில் ஏறமுன் வெளிக்கிடுவார். வளைவு வருகிறது என்றால் வெகு தூரத்திலேயே காலை எடுத்துவிடுவார். பிறேக் பிடிப்பது பெற்றோலை றோட்டில் ஊற்றுகிற வேலை என்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றி, நான் கைவிளக்கைக் கொஞ்சம் தூண்டினாலே, "எடியே, எண்ணெய்!" என்று குரல் வரும்.

இவருடைய கூட்டாளி செபமாலை, குருநகர் ஆள், மீன் லொறி ஓட்டினவன். அவன் லொறியின் பின்பக்கத்தில் ஒரு இரும்புப் பீப்பாவைப் பூட்டி, அதற்குள் கரியை எரித்து, அந்தப் புகையில் ஓடினான். வெளிக்கிடும்போது எஞ்சினுக்கு உயிர் கொடுக்க மாத்திரம் ஒரு கொஞ்சம் பெற்றோல் வேண்டும். "சாவகச்சேரி போய்ச் சேரமுன்னம் மீன் பாதி அவிஞ்சிடும் அக்கா. சனம் புளியை மட்டும் விட்டால் காணும்" என்று தன்னைத் தானே பகிடி பண்ணுவான். முகமெல்லாம் கரியாய் வந்து நிற்பான், பாவம். ஆனால் அவன் செய்ததில் களவு இல்லை.

எங்கள் முதலாளி கண்ட வழி வேறு. நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற மனிதர். பிள்ளையார் கோயில் திருவிழாவில் ஒரு நாள் அவருடைய உபயம். லொறிக்கென்று கூப்பனில் கிடைத்த பெற்றோலை வீட்டுக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், போத்தலில் நிரப்பி, கார் வைத்திருந்த, கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்துமாருக்கும் பிரக்கிராசிமாருக்கும் வாய்க்கு வந்த விலைக்கு விற்றார். லொறிக்கு மண்ணெண்ணெய். எஞ்சின் பெற்றோலில் உயிர் பிடித்துச் சூடேறின பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். ஓடும் என்றால், கயரோகக்காரனைப் போல இருமிக்கொண்டு ஓடும். இடையில் நின்று ஆறிப்போனால், பிறகு சாமி வந்து தள்ளினாலும் கிளம்பாது.

இவர் எத்தனையோ தரம் சொல்லிப்பார்த்தார். "முதலாளி, மாரி வருகுது. காட்டுக்குள்ளை நிண்டால் சரக்குப் போச்சு."

"நீ ஓட்டத் தெரிஞ்சவன் எண்டுதானே உன்னட்டைத் தந்தது. ஓட்டு."

சொன்னபடியே நடந்தது. மாங்குளம் தாண்டினதும் லொறி நின்றது. மழை கொட்டியது. உதவிக்கு வந்த வண்டியும் இல்லை, கேட்டுப் பெற ஒரு சொட்டுப் பெற்றோலும் இல்லை. இவர் தன்னுடைய போர்வையையும் மாற்றிக் கட்டுகிற சாரத்தையும் கூட எடுத்துச் சிப்பங்களை மூடினாராம். கிழிந்த படங்குக்குள்ளால் இறங்கின தண்ணீரை எதால் மூடுவது? லொறியை ஒருவழியாய் ஊருக்கு இழுத்து வந்தபோது புகையிலை பூஞ்சணம் பிடித்து, குப்பைக்குழி மணம் மணத்தது.

தோட்டக்காரர் கொதித்தார்கள். கொதிக்கமாட்டார்களா? பொன்னம்பலம் அண்ணை தன் சிப்பத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். துலா மிதித்துத் தண்ணீர் இறைத்து, பிள்ளையைப் போல் வளர்த்த பயிர். முதலாளி அந்தக் கொதிப்பை ஒரு நொடியில் இவர் பக்கம் திருப்பிவிட்டார்.

"நான் டாங்கி முட்டப் பெற்றோல் அடிச்சு அனுப்பினனான். அவ்வளவையும் லொறியோ குடிச்சது? உவன் வழியிலை வித்துப்போட்டான்."

"மண்ணெண்ணெயைத் தந்துபோட்டு என்ன கதை கதைக்கிறியள் முதலாளி?" என்றார் இவர்.

"அப்பிடியெண்டால் பிள்ளையாருக்கு முன்னாலை கற்பூரம் அணை. ஒரு சொட்டுப் பெற்றோலும் களவெடுக்கேல்லை எண்டு சத்தியம் பண்ணு."

"ஓம், அணைக்கிறன்!"

எரிகிற கற்பூரத்தை வெறுங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணுவது எங்கள் ஊர் வழக்கம். அதற்குப் பிறகு கோட்டுமில்லை, வழக்குமில்லை. இவர் மனதில் மடியில் கனமில்லாத துணிவு. அடுத்த நாள் காலை என்று நாள் குறித்தார்கள்.

காலையில் முதலாளி ஆள் விட்டு இவரைக் கோயிலுக்குப் பக்கத்திலிருந்த லொறிக் கொட்டிலுக்குக் கூப்பிட்டார். நின்ற லொறியின் காபரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டச் சொன்னார். ஒரு தகரத்தில் பெற்றோலும் மண்ணெண்ணெயும் கலந்து தானே பிடித்துக்கொண்டு நின்றாராம், அவ்வளவு இரக்கம். வேலை முடிகிற நேரம் தகரம் கை தவறிச் சரிந்து, இவருடைய வலது சேட்டுக் கை முழங்கை வரை ஊறிவிட்டது.

"கிணத்தடியிலை ஒருக்கால் தோய்ஞ்சுபோட்டு வாறன் முதலாளி" என்றிருக்கிறார் இவர்.

"ஊர் காத்துக்கொண்டு நிக்குது. ஒளிச்சோடப் பாக்கிறியோ?"

அந்தச் சொல் போதும் இவருக்கு. கோபத்தோடு நேரே நடந்து வந்துவிட்டார். அழுக்குச் சேட்டோடு உள்ளே வரவேண்டாம் என்று ஐயர் சொன்னதால் கோயில் வாசலிலேயே தட்டை வைத்தார்கள். நான் பெண்களோடு ஒதுங்கி நின்றேன். சண்டை தொடங்கினதிலிருந்து கற்பூரத்துக்கும் தட்டுப்பாடு. ஐயரே கிள்ளிக் கிள்ளித்தான் கொளுத்துவார். முதலாளி அன்றைக்கு மடியிலிருந்து ஒரு பெரிய கட்டியை எடுத்து வைத்துத் தானே கொளுத்தினார்.

இவர் "பிள்ளையாரறிய" என்று கையை ஓங்கி அடித்தார். கற்பூரம் அணைந்தது. இவருடைய கை பற்றியது.

அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன். நான் ஓடிப் போய் என் சேலைத் தலைப்பால் சுற்றி அமத்தினேன். யாரோ மண் அள்ளிப் போட்டார்கள். நெருப்பு நின்ற பிறகு முதலாளி இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு, "பிள்ளையார் காட்டிப்போட்டார்" என்றார். ஊர் முழுக்க அதே மாதிரிக் கை கூப்பியது. பொன்னம்பலம் அண்ணை இவரைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனார்.

பரியாரி எண்ணெய் போட்டார், இலை வைத்துக் கட்டினார். நாங்கள் சேட்டை வெட்டித்தான் எடுக்கவேண்டியிருந்தது. எரியாமல் மிஞ்சின துண்டை மூக்கில் வைத்தேன். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு காபரேட்டர் கதையைச் சொல்லச் சொல்ல எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. அந்தத் துண்டோடு வீடு வீடாய், படலை படலையாய்ப் போனேன்.

"மணந்து பாருங்கோ! சாமி எரிக்கேல்லை. உந்த நாசமாய்ப் போவான் எண்ணெயை ஊத்திப்போட்டெல்லோ எரிச்சவன்!"

"டிறைவரின்ரை சேட்டு பெற்றோல் மணக்காமல் சந்தனமோ மணக்கும்?" என்று ஒருத்தி கேட்க, அந்தப் படலையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நான் வாய் ஓயும்வரை கத்தினேன். பிள்ளையாருக்கு முன்னால் எரிந்த கைக்குப் பிறகு என் கதை யாருக்கு வேண்டும்?

புண் ஆறத் தொடங்கியது. ஊர் வாய் ஆறவில்லை. வட்டுக்கோட்டையில் ஒரு லொறிக்காரரிடம் இவர் வேலை கேட்டுப் போனார். அவர் தேத்தண்ணி கொடுத்து, நல்ல கதை கதைத்து, "பெற்றோல் இருக்கிற விலைக்கு, தம்பி, நம்பிக்கையான ஆள்தான் வேணும்" என்று அனுப்பிவிட்டார். செபமாலை குருநகரில் தன் முதலாளியிடம் சொல்லிப் பார்த்தான். கதை கடல் வரைக்கும் போயிருந்தது. பெற்றோல் தங்கமாய் விற்கிற காலத்தில், பெற்றோல் கள்ளன் என்று பெயரெடுத்தவனிடம் எவன் லொறியைக் கொடுப்பான்? இவர் வீட்டில் குந்தியிருந்து, றோட்டில் போகிற லொறிச் சத்தத்தைக் கேட்டு, "உது ரண்டாம் கியரிலையே போகுது, எண்ணெய் நாசம்" என்று தனக்குள் சொல்லுவார். ஸ்டியரிங் இல்லாவிட்டால் இவர் அரை ஆள்.  அடுப்பை ஊதினாலும் எனக்கு முதலாளியின் முகம், அம்மியில் அரைத்தாலும் அவன் முகம். எத்தனை நாள் மிளகாயை அரைக்கவேண்டியதற்கு மேல் அரைத்தேனோ தெரியாது.

முதலாளியின் உபயத் திருவிழா வந்தது. நாதஸ்வரம், பூமாலை, அவருக்கு முதல் காளாஞ்சி. வெற்றிலையும் பழமும் வாங்கிக்கொண்டு அவர் திரும்பின நேரம் நான் சனத்தை இடித்துக்கொண்டு போய் முன்னால் நின்றேன்.

"முதலாளி, நீங்களும் கற்பூரம் அணையுங்கோ. டாங்கி முட்டப் பெற்றோல் அடிச்சனான் எண்டு சத்தியம் பண்ணுங்கோ."

மேளம் கூட ஒரு கணம் பிசகியது. ஒரு பெண்பிள்ளை திருவிழாவில் இப்படிக் கத்துவதா என்று கிழடுகள் உறுமின. முதலாளி சிரித்தார்.

"அதுக்கென்ன பிள்ளை. வாற வெள்ளிக்கிழமை குளிச்சுத் தோய்ஞ்சு, சுத்தமாய் வந்து அணைக்கிறன்."

குளித்துத் தோய்ந்து! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போயிற்று. இவர் குளிக்கக் கேட்டபோது நேரமில்லை. அவருக்கு மாத்திரம் குளிப்பு, தோய்ச்சல், சுத்தம். சுத்தமான கை எரியாது என்று அவருக்குத் தெரியும். கற்பூரத்தை அணைப்பார், கை எரியாது, ஊர் இன்னொரு தரம் கும்பிடும், இவர் சாகும் வரைக்கும் கள்ளன்தான். அங்கே நின்றபடியே முடிவெடுத்தேன்.

அடுத்த நாள் செபமாலை மீன் கொண்டு வந்தான்.

"தம்பி, எனக்கு ஒரு போத்தில் பெற்றோல் வேணும்."

"என்னத்துக்கு அக்கா?"

"அவரின்ரை புண் கழுவ."

"பெற்றோலாலையோ! உங்களுக்கென்ன விசரோ?"

"கேளாமல் தா எண்டால் தாவன்."

அவன் கரி படிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். எஞ்சினுக்கு உயிர் கொடுக்க வைத்திருந்த போத்தலை லொறியிலிருந்து எடுத்துத் தந்தான். "அந்தோனியாரே, எனக்கு ஒண்டும் தெரியாது" என்று சிலுவை போட்டுக்கொண்டு, "வெள்ளிக்கிழமை நானும் வாறன்" என்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசை முடிந்ததும் ஊர் வாசலில் திரண்டது. சீவரத்தினத்துக்குத் தட்டு எங்கே வைத்ததோ அங்கேதான் முதலாளிக்கும் வைக்கவேண்டும் என்று பொன்னம்பலம் அண்ணை சொல்லிவிட்டார். நியாயமான மனிதர்தான், கண்தான் மூடிக் கிடந்தது. என் கணவர் ஒரு ஓரத்தில், கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். நான் என்ன நினைத்திருக்கிறேன் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. செபமாலை வீதியில் லொறியோடு நின்றான்.

முதலாளி வந்தார். வெறும் மேல், மூன்று குறித் திருநீறு, சந்தனப் பொட்டு, புது வேட்டி, இடுப்பில் பட்டுச் சால்வை. தலைமயிரில் தண்ணீர் சொட்டுகிறது. கை இரண்டையும் சவுக்காரம் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் உள்ளங்கை சிவந்திருந்தது. மாப்பிள்ளை கெட்டான்.

நான் வாசல் படியில் செம்போடு நின்றேன். செம்பின் வாயை வாழையிலையால் மூடியிருந்தேன். உள்ளே போட்ட சாம்பிராணிப் புகை வாசல் வரை வந்துகொண்டிருந்தது. செபமாலையின் லொறிப் புகையும் தன் பங்குக்கு வந்தது. முதலாளியின் மூக்கைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எந்நேரமும் கிணற்றடியில் பெற்றோல் அளக்கிறவருக்கு அது மணமாகவே தெரியாது.

"கையைக் கழுவுங்கோ முதலாளி" என்றேன்.

"குளிச்சுப்போட்டுத்தானே வாறன்."

"றோட்டாலை நடந்தெல்லோ வந்தனீங்கள்."

"அவள் ஊத்தட்டும் முதலாளி. பிறகு உதிலை ஒரு கதை வேண்டாம்" என்றார் பொன்னம்பலம் அண்ணை.

முதலாளி சலிப்போடு இரண்டு கையையும் நீட்டினார். நான் இலையை விலக்கி ஊற்றினேன். தாராளமாய் ஊற்றினேன். கை நிறைந்து, முழங்கை வழியே ஓடி, புது வேட்டியில் வடிந்தது. அவர் பழக்கத்தில் கையைத் தேய்த்து உதறிக்கொண்டே தட்டுக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். ஐயர் கற்பூரத்தை வைத்து, நெருப்புப் பெட்டியை எடுத்து உரசினார்.

சண்டைக் காலத்து நெருப்புக்குச்சி. முதல் உரசலில் பற்றவில்லை.

ஐயர் இரண்டாவது குச்சியை எடுக்க, முதலாளி தன் கையைப் பார்த்தார். பெற்றோல் தண்ணீரை விடக் குளிரும், சடாரென்று காயும். அந்தக் குளிர்தான் அவருக்கு உறைத்திருக்கவேண்டும். கையை மூக்குக்குக் கொண்டுபோனார். அவருடைய கண் இரண்டும் வெளியே வந்துவிட்டன.

"ஐயா! குச்சியை உரசாதேயுங்கோ! எறியுங்கோ அதை!" என்று அலறிக்கொண்டு பின்னுக்குப் பாய்ந்து, படியில் தடக்கி, சனத்துக்குள் விழுந்தார். "பெற்றோல்! உவள் பெற்றோலை ஊத்திப்போட்டாள்! என்னை எரிச்சுக் கொல்லப் பாக்கிறாள்!"

நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"எழும்பி வந்து அணையுங்கோ முதலாளி. உண்மை சொல்லுறவனை நெருப்புத் தொடாதெல்லோ?"

"எடியே மூதேவி, பெற்றோல் பட்ட கை ஆருக்கெண்டாலும் எரியுமடி! உண்மை சொன்னாலும் எரியும், பொய் சொன்னாலும் எரியும்! எனக்குத் தெரியாதோ!"

 செபமாலையின் லொறிப் பீப்பாவுக்குள் கரி வெடிக்கிற சத்தம் கூடக் கேட்டது. முதலாளிக்குத் தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. வாயைப் பொத்தினார். பொத்தின கையே பெற்றோல், ஓங்காளித்தார்.

பொன்னம்பலம் அண்ணை மெல்ல நடந்து அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்டைக்கும் தெரியுமோ முதலாளி?"

முதலாளி கையை வேட்டியில் துடைத்தார்.

"சீவரத்தினத்தின்ரை சேட்டிலை ஊத்தேக்கையும் தெரியுமோ எண்டு கேக்கிறன்."

"கை தவறினது... தகரம் கை தவறினது..." என்று முனகினவர், திடீரென்று வீறாப்புப் பிடித்து எழும்பினார். "உது கிடக்கட்டும், ஒரு சொட்டுக்கு நாடே தவிக்குது. உவளுக்கு எங்காலை பெற்றோல்? அதைக் கேளுங்கோ முதலில்!"

"நான்தான் குடுத்தனான்" என்று வீதியிலிருந்து செபமாலை சொன்னான். "நான் உங்கடை கிணத்தடியிலைதான் வாங்கினனான் முதலாளி. நீங்கள்தான் புனல் வைச்சு ஊத்தினனீங்கள், மறந்துபோனியளோ? சொட்டுச் சிந்தாமல் போத்திலைப் பிடியடா எண்டு என்னைப் பேசியும் போட்டியள்."

ஊர் முதலாளி வீட்டுக்குப் போனது. நான் போகவில்லை. போனவர்கள் வந்து சொன்னதுதான். கிணற்றடி மாட்டுக் கொட்டிலுக்குள் வைக்கோலுக்குக் கீழே பெற்றோல் பீப்பாக்கள். எல்லாம் லொறிக் கூப்பன் பெற்றோல். தங்கள் புகையிலையை அழுகவிட்ட பெற்றோலைத் தோட்டக்காரர் கண்ணால் கண்டார்கள். உடைக்கவேண்டியதை உடைத்தார்கள், அதை நான் இங்கே விவரிக்கத் தேவையில்லை. கேட்கக் கேட்க எனக்கு இனித்தது.

அதற்கு முன்னே வாசலில் ஒன்று நடந்தது. சனம் கிளம்பின நேரம், "நில்லுங்கோ" என்றார் என் கணவர். அவ்வளவு நாளும் வாய் திறக்காத மனிதர். கோயில் கிணற்றடிக்குப் போய்க் கட்டை அவிழ்த்தார். அவர் கையை ஊர் அப்போதுதான் பார்த்தது. தோல் சுருங்கி, சின்ன விரலும் மோதிர விரலும் உள்ளுக்கு மடங்கி ஒட்டியிருந்தன. தண்ணீர் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு வந்து, "கொளுத்துங்கோ ஐயா" என்றார். குச்சி பற்றியது. "ஒரு சொட்டும் களவெடுக்கேல்லை" என்று சொல்லி, அந்தக் கையாலேயே அடித்தார். கற்பூரம் அணைந்தது. கையில் ஒரு புகை கூட இல்லை.

பொன்னம்பலம் அண்ணை அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நான் துப்பினனான் தம்பி" என்று அழுதார். "எந்த லொறியெண்டாலும் எங்கடை புகையிலை இனி உன்னோடைதான் போகும். நீ ஓட்டாத லொறியிலை ஒரு இலையும் ஏறாது."

"மூண்டு விரல் காணும் அண்ணை, ஸ்டியரிங் பிடிக்க" என்றார் இவர். கியர் போடுகிற கை இடதுதானே.

கோயில் வாசலில் பெற்றோல் ஊற்றினதற்குப் பிராயச்சித்தம் செய்யவேண்டும் என்று ஐயர் எனக்குச் சொன்னார். ஓம் ஐயா என்றேன். செபமாலை என்னிடமிருந்து செம்பை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தான். "மிச்சம் கிடக்கக்கா. கொட்டிப்போடாதேயுங்கோ, எஞ்சினை எழுப்பக் காணும்" என்று போத்தலில் வடித்துக்கொண்டு போனான்.

நாங்கள் தோட்டங்களுக்கு நடுவே, வரம்பால் வீட்டுக்கு நடந்தோம். எத்தனையோ நாளுக்குப் பிறகு இவர் சிரித்தார். வழியில் கண்டவர்கள் எல்லோரும் நின்று என்னைப் பற்றித்தான் சொன்னார்கள். என்ன மூளை, என்ன மூளை, அவன் வாயாலேயே சொல்லப்பண்ணினாளே! சேட்டுத் துண்டை மணக்கச் சொன்னபோது சிரித்தவளும் சொன்னாள்.

"உண்மைதான் பூரணம்" என்றார் இவர். "நான் நூறு வரியம் யோசிச்சாலும் எனக்கு உது வந்திராது. அந்தாள் பயத்திலை உண்மையைக் கக்குவார் எண்டு என்னண்டு கண்டுபிடிச்சனீ?"

"நான் அப்பிடி ஒண்டும் நினைச்சுப் போகேல்லை."

"பின்னை?"

"எரிக்கத்தான் போனனான்."

அவர் நின்றார். நானும் நின்றேன். அவர் சிரிப்பு முகத்திலேயே கிடந்தது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை.

"ஐயர் முதல் குச்சியிலை கொளுத்தியிருந்தால்?"

"கொளுத்தியிருந்தால் அவன் பொய்ச் சத்தியம் பண்ணி அணைச்சிருப்பான், கை எரிஞ்சிருக்கும். உங்களைச் சொன்ன மாதிரி ஊர் அவனையும் கள்ளன் எண்டு சொல்லியிருக்கும். நானும் பாத்துக்கொண்டு நிண்டிருப்பன்."

இவர் தன் கையைப் பார்த்தார். ஒட்டின விரலை மற்றக் கையால் மெல்லத் தடவினார்.

"உனக்கு அந்த நோ தெரியாது, பூரணம். உது பகையாளிக்கும் வேண்டாம்."

"உங்களுக்கு வேண்டாம். எனக்கு வேணும்."

அவர் எனக்கு முன்னால், கொஞ்சம் வேகமாய் நடந்தார். படலையைத் திறந்து, எனக்காகப் பிடித்துக்கொண்டு நிற்காமல் உள்ளே போனார்.

அடுத்த கிழமையே அவருக்கு ஸ்டியரிங் கிடைத்தது. அருளம்பலம் முதலாளியின் கூப்பனைப் பறித்து, லொறியையும் விற்கப்பண்ணினார்கள். ஊரில் தலை காட்ட முடியாமல் அவன் கொழும்புத்துறையில் தமக்கை வீட்டோடு போய் ஒதுங்கினான். இரண்டு கையும் நல்ல சுகமாய், முழுசாய் இருக்கிறதாம், மீன் வாங்க வரும்போது செபமாலை கண்டிருக்கிறான். அதைக் கேட்ட அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.